படிகாரப் படிகம் வளர்ப்பது எப்படி?

நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய படிகாரத்திலிருந்து, எட்டு முகமும் கூர்மையாக, உள்ளே தூசி தும்பு இல்லாத ஒற்றைப் படிகத்தை வீட்டிலேயே வளர்ப்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை. அடுப்புப் பக்கம் நிற்க வேண்டியது மொத்தமாக ஒரு மணி நேரம் இருக்கும். மீதி நாட்களில் உங்கள் பங்கு, ஜாடியைத் தொடாமல் இருப்பது. படிகம் கெட்டுப்போவது பெரும்பாலும் அவசரத்தாலும், தினமும் எடுத்து எடுத்துப் பார்ப்பதாலும்தான்.

ஏன் படிகாரம்?

உப்பில் தொடங்கலாமே என்று பலருக்கும் தோன்றும். வீட்டில் எப்போதும் இருப்பது அதுதான். ஆனால் இந்த வேலைக்கு உப்பு சண்டித்தனம் செய்யும். அறை வெப்பத்தில் 100 மில்லி தண்ணீரில் சுமார் 36 கிராம் உப்பு கரைகிறது. அதே தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் 39 கிராமுக்கு மேல் ஏற்காது. சூட்டில் கரைத்து ஆறவிட்டால் வெளியே வருவதற்கு அதில் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. சர்க்கரை நேர் எதிர்: 20 டிகிரியில் 200 கிராம், கொதிநிலையில் ஏறக்குறைய 490 கிராம். கரைவது தாராளம்தான், ஆனால் கரைசல் பாகாகக் கெட்டிப்படுவதால் உள்ளே எதுவும் நகராது, படிகம் கட்ட வாரக்கணக்கில் ஆகும்.

படிகாரம் இரண்டுக்கும் நடுவில் வசதியாக அமைகிறது. 30 டிகிரியில் 100 மில்லி தண்ணீரில் 16 முதல் 17 கிராம் கரையும். 60 டிகிரியில் 57 கிராம். கரைசலும் தண்ணீர்போலவே ஓடும். முதல் முயற்சிக்கு இதைவிடத் தோதான பொருள் கடைத்தெருவில் கிடையாது.

தெரிந்துகொள்ள வேண்டிய வேதியியல் இவ்வளவுதான். ஒரு வெப்பநிலையில் தண்ணீர் எவ்வளவு ஏற்குமோ அவ்வளவும் கரைந்துவிட்டால் அது தெவிட்டிய கரைசல். சூடாக இருக்கும்போது கூடுதலாகக் கரைத்து, ஆட்டாமல் அசைக்காமல் ஆறவிட்டால், அந்த அளவுக்கு மேலேயும் கொஞ்சத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கும். அது மீதெவிட்டிய கரைசல். இந்த உபரிதான் படிகத்துக்குத் தீனி. உபரி மிகுந்தால் கண்ட இடமெல்லாம் பொடிப்பொடியாகக் கொட்டும். உபரியே இல்லையென்றால் நீங்கள் தொங்கவிட்ட படிகமும் கரைந்து காணாமல் போகும். உபரியைச் சொற்பமாக, ஒரே சீராக வைத்திருக்க வேண்டும். கீழே வரும் அளவுகள் எல்லாம் அதற்காகத்தான்.

வாங்கி வைக்க வேண்டியவை

- படிகாரம் 250 கிராம்
- தண்ணீர் 1 லிட்டர் (எந்தத் தண்ணீர் என்பது கீழே)
- கிராம் காட்டும் சமையலறைத் தராசு
- 100 டிகிரி வரை காட்டும் வெப்பமானி
- அகல வாய்க் கண்ணாடி ஜாடி இரண்டு, அரை லிட்டர் கொள்வது
- எவர்சில்வர் பாத்திரம் ஒன்று, மரக் கரண்டி அல்லது கண்ணாடிக் குச்சி ஒன்று
- தட்டையான பீங்கான் தட்டு
- புனல், நெருக்கமாக நெய்த பழைய வேட்டித் துணி, டிஷ்யூ தாள்
- தங்கூசி நரம்பு, ஒரு முழம், கிடைப்பதிலேயே மெல்லியது
- ஐஸ்கிரீம் குச்சி அல்லது பென்சில்
- ஜாடி உள்ளே அடங்கும் தெர்மாகோல் பெட்டி, மூடியோடு

படிகாரம் என்று கேட்டால் எல்லாக் கடையிலும் ஒரே சரக்கைத் தருவதில்லை. ஒளி ஊடுருவும் கட்டியாக, உடைத்த இடம் பளபளப்பாக இருப்பதை வாங்குங்கள். அது பொட்டாசியம் படிகாரமாகவோ அம்மோனியம் படிகாரமாகவோ இருக்கும். இரண்டிலும் அதே எட்டுமுகப் படிகம் வளரும். குடிநீர்த் தொட்டிகளில் போடுவதற்கென்று விற்கும், சுண்ணாம்புக்கட்டிபோல வெளுத்தோ பழுப்பாகவோ ஒளி புகாமல் இருக்கும் பாளத்தை வாங்க வேண்டாம். அது வெறும் அலுமினியம் சல்பேட். அதை எத்தனை நாள் வைத்திருந்தாலும் இந்த வடிவம் வராது.

கையில் இருப்பது எந்தப் படிகாரம் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால், ஒரு சிட்டிகைப் படிகாரப் பொடியை ஈரமான வெற்றிலைச் சுண்ணாம்போடு குழைத்துப் பாருங்கள். மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் அம்மோனியம் படிகாரம், வராவிட்டால் பொட்டாசியம். மூக்கருகே கொண்டுபோகாமல் கையால் விசிறி முகருங்கள். குழைத்த விரலால் கண்ணைத் தொடாதீர்கள். இந்த அத்தியாயத்தின் அளவுகள் பொட்டாசியம் படிகாரத்துக்கானவை. மற்றதற்கு எண்கள் சற்று மாறும், செய்முறை மாறாது.

தண்ணீர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரில் கரைத்தால் கரைசல் கலங்கிப்போகும்: அதிலுள்ள கார உப்புகள் படிகாரத்தின் அலுமினியத்தை வெண்மையான மெல்லிய கசடாக மாற்றிவிடும். ஆர்.ஓ. தண்ணீர் போதும். மெக்கானிக் கடையில் விற்கும் பேட்டரித் தண்ணீர் இன்னும் நல்லது. ஆனால் பேட்டரி ஆசிட்டும் அதே போன்ற கேனில், அதே அலமாரியில் இருக்கும். சீட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள், சீட்டு இல்லாத கேனைத் தொடவே வேண்டாம்.

தொடங்கும் முன் பாதுகாப்பு

1. படிகாரக் கரைசல் அமிலத்தன்மை உள்ளது. அலுமினியம், பித்தளை, செம்பு, இரும்புப் பாத்திரங்களில் வைக்கக் கூடாது. சூடாக்குவதற்கு எவர்சில்வர், வைத்திருப்பதற்குக் கண்ணாடி.
2. இந்த வேலைக்கு எடுத்த பாத்திரமும் கரண்டியும் மறுபடி சமையலுக்குப் போகக் கூடாது. பழையதாக ஒன்றை ஒதுக்கிவிடுங்கள்.
3. கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவுங்கள். எரிச்சல் நிற்காவிட்டால் மருத்துவரிடம் போங்கள். வடிகட்டும்போது சாதாரண மூக்குக் கண்ணாடியாவது போட்டிருங்கள்.
4. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியைச் சூடான கரைசலில் விடாதீர்கள். அது 42 டிகிரியோடு முடிகிறது. அதற்கு மேல் போனால் வெடித்துவிடும். பழைய ரகமாக இருந்தால் உள்ளே இருப்பது பாதரசம்.
5. சூடான கரைசலைக் குளிர்ந்த கண்ணாடி ஜாடியில் நேராக ஊற்றினால் ஜாடி விரிசல் விடும். முதலில் வெந்நீர் ஊற்றி ஜாடியைச் சுட வைத்து, அதைக் கொட்டிவிட்டு ஊற்றுங்கள்.
6. ஜாடியின் மேல் "படிகாரக் கரைசல், குடிக்காதே" என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பார்வைக்கு அது வெறும் தண்ணீர்தான். ஃப்ரிட்ஜிலோ தண்ணீர் பாட்டிலிலோ வைக்கவே கூடாது.
7. சிறுவர்கள் செய்வதானால் அடுப்பும் வடிகட்டுதலும் பெரியவர் கையில் இருக்கட்டும்.

நீலப் படிகம் அழகாக இருக்கிறதே என்று மயில்துத்தத்தில் செய்யத் தோன்றும். குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம். அது நஞ்சு, வடிகாலில் கொட்டினால் மீனுக்கும் ஆகாது.

முதல் கட்டம்: படிகாரத்தைச் சுத்தம் செய்தல்

கடைச் சரக்கில் மண், சாக்கு நார், சில சமயம் இரும்புக் கறைகூட இருக்கும். அந்த அழுக்கோடு படிகம் வளர்த்தால் உள்ளே பால்போலக் கலங்கல் நிற்கும். ஆகவே முதலில் கரைத்து, வடிகட்டி, மறுபடி படிகமாக்குகிறோம். கரையாத அழுக்கு துணியில் நின்றுவிடும்; கரையும் அழுக்கு அளவில் கொஞ்சமாக இருப்பதால் தண்ணீரிலேயே தங்கிவிடும். வேதித் தொழிற்சாலைகளில் மருந்துப் பொருளைச் சுத்தம் செய்வதும் பெரும்பாலும் இதே வழியில்தான்.

1. படிகாரத்தைத் துணியில் சுற்றி அம்மிக் குழவியால் தட்டி, கற்கண்டு அளவுக்கு உடையுங்கள். மாவாக்க வேண்டாம்.
2. 200 கிராம் நிறுத்து எடுங்கள். மீதி 50 கிராம் கைவசம் இருக்கட்டும்.
3. எவர்சில்வர் பாத்திரத்தில் 500 மில்லி தண்ணீர் ஊற்றி, சிறு தீயில் 60 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள்.
4. படிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறுங்கள். போடப் போட வெப்பம் இறங்கும். மறுபடி 60க்கு ஏற்றுங்கள். கொதிக்க விடாதீர்கள்: கொதித்தால் தண்ணீர் குறைந்து உங்கள் கணக்கு தப்பிவிடும்.
5. எல்லாம் கரைந்ததும் அடுப்பை அணைத்து, புனலில் இரண்டு மடிப்புத் துணி வைத்து, சுட வைத்த ஜாடியில் வடிகட்டுங்கள். அரை லிட்டர் கொள்ளும் ஜாடி நிறைந்துவிடும். மீதியை இரண்டாவது ஜாடியில் பிடியுங்கள்.
6. சூடு குறையுமுன் வடிகட்டி முடியுங்கள். இந்த அளவுக் கரைசல் 50 டிகிரியை ஒட்டித் தெவிட்டிவிடும். அதற்குக் கீழே போனால் துணியிலேயே படிகம் கட்டி அடைத்துக்கொள்ளும். அடைத்துக்கொண்டால் துணியைக் கசக்காமல், எல்லாவற்றையும் மறுபடி பாத்திரத்தில் போட்டுச் சூடாக்கித் திரும்பவும் வடியுங்கள்.
7. ஜாடிகளின் வாயைத் தாளால் மூடி ஓர் இரவு அப்படியே விடுங்கள்.

காலையில் அடியில் தடிமனாகப் படிகங்கள் கிடக்கும். 30 டிகிரி அறையில் 500 மில்லி தண்ணீர் 83 கிராம் அளவுக்குத்தான் பிடித்து வைத்திருக்கும். எஞ்சிய 115 கிராமுக்குச் சற்றுக் கூட வெளியே வந்திருக்க வேண்டும். நிறுத்துப் பார்த்தால் எடை ஏறத்தாழ ஒத்துவரும், ஈரத்தின் எடை தவிர. ஒத்துவராமல் மிகக் குறைவாக இருந்தால் படிகாரம் வாங்கிய இடத்தைச் சந்தேகியுங்கள்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. காலையிலேயே கரைசலை வடித்து எடுத்துவிடத் துடிப்பீர்கள். வேண்டாம். பிற்பகல் 2 மணி, 3 மணிவரை பொறுத்திருங்கள். நடுவில் இரண்டு மூன்று முறை மெல்லக் கிளறிவிடுங்கள். வீட்டில் நாளின் உச்ச வெப்பம் அப்போதுதான் இருக்கும். அந்த வெப்பத்துக்குத் தெவிட்டிய கரைசல் கையில் இருந்தால்தான் நாளை மதியம் உங்கள் படிகம் கரையாது. காலைக் குளிரில் வடித்த கரைசல் மதியம் ஆனதும் பசியெடுத்துப் படிகத்தையே தின்னும்.

8. பிற்பகலில் கரைசலை வேறு பாத்திரத்தில் வடித்து எடுங்கள். இனி இதை 'வடித்த கரைசல்' என்போம்.
9. அடியில் கிடக்கும் படிகங்களைத் தோண்டி எடுத்து டிஷ்யூ தாளில் பரப்பி, நிழலில் உலர்த்துங்கள். இது 'சுத்தப் படிகாரம்'. வெயிலிலோ அடுப்பருகிலோ காய வைக்கக் கூடாது. படிகாரம் தனக்குள் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் உப்பு. 92 டிகிரி எட்டினால் அந்தத் தண்ணீரிலேயே உருகிவிடும். அதற்கு மேலும் வாட்டினால் பொரிந்து வெண்ணிறப் பஞ்சாகும். சித்த மருத்துவத்தில் பொரித்த படிகாரம் என்று பயன்படுவது அதுதான். நமக்கு இங்கே அது உதவாது.

இரண்டாம் கட்டம்: விதைப் படிகம்

நல்ல விதை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. ஜாடியின் அடியில் இறங்கியவை ஒன்றோடொன்று ஒட்டிக் குழம்பிக் கிடக்கும். அவற்றில் விதை தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். தட்டில் புதிதாக வளர்ப்பது சுலபம்.

1. வடித்த கரைசலில் 50 மில்லியைத் துணியில் மறுபடி வடிகட்டித் தட்டையான பீங்கான் தட்டில் ஊற்றுங்கள். ஆழம் அரை விரற்கடை போதும்.
2. மெல்லிய துணியால் மூடி, காற்றாடி அடிக்காத, நடமாட்டம் இல்லாத இடத்தில் வையுங்கள்.
3. ஓரிரு நாளில் தட்டின் அடியில் சிறு படிகங்கள் தனித்தனியாகத் தெரியும். 4, 5 மில்லிமீட்டர் வரை வளரவிடுங்கள்.
4. ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ளும் முன்பே எடுத்துவிடுங்கள். கையால் வேண்டாம், புருவம் பறிக்கும் இடுக்கி நல்லது.
5. பூதக்கண்ணாடியில் பாருங்கள். விளிம்பு கூர்மையாக, உள்ளே மேகம் இல்லாமல், ஒற்றையாக இருப்பதில் மூன்று நான்கைத் தேர்ந்தெடுங்கள். தட்டின் மேல் படிந்த பக்கம் தட்டையாக இருந்தால் கவலையில்லை, தொங்கும்போது அது சரியாகிவிடும். ஆனால் இரட்டையாக ஒட்டியது, மூலை உடைந்தது ஆகியவற்றைத் தள்ளிவிடுங்கள். விதையில் உள்ள கோணல் கடைசிவரை கூடவே வளரும்.

*குறிப்பு:* மழைக்காலத்தில் ஈரக்காற்றில் தண்ணீர் ஆவியாகாமல் தட்டு நாட்கணக்கில் அப்படியே இருக்கலாம். அப்போது வடித்த கரைசல் 50 மில்லியில் 1 கிராம் சுத்தப் படிகாரத்தைச் சூடாக்கிக் கரைத்து ஊற்றுங்கள்.

நூல் கட்டுவதுதான் பொறுமையைச் சோதிக்கும் இடம். தங்கூசி நரம்பின் நுனியில் நழுவு முடிச்சுப் போட்டு, விதையின் இடுப்பில் மாட்டி மெல்ல இறுக்குங்கள். மீதி நுனியை ஒட்ட நறுக்குங்கள். பருத்தி நூல் வேண்டவே வேண்டாம். அதன் சிம்பு ஒவ்வொன்றிலும் ஒரு படிகம் பிடித்து, கடைசியில் கையில் வருவது ஒற்றைப் படிகமல்ல, படிகக் கொத்து. பழைய கட்டிக் கற்கண்டை உடைத்தால் நடுவில் நூல் இருப்பது இதனால்தான். அங்கே கொத்தாகப் பிடிக்க வேண்டும் என்பதற்காகவே நூல் விடுகிறார்கள்.

மூன்றாம் கட்டம்: தொங்கவிடுதல்

1. வடித்த கரைசல் 400 மில்லி எடுங்கள். அதில் சுத்தப் படிகாரம் 10 கிராம் போட்டு, 50 டிகிரிக்குச் சூடாக்கி, ஒரு துகள்கூட மிஞ்சாமல் கரையுங்கள்.
2. துணியில் வடிகட்டி, சுத்தமாகக் கழுவி, வெந்நீரால் சுட வைத்த ஜாடியில் ஊற்றி, மூடி, அறை வெப்பத்துக்கு முழுக்க ஆறவிடுங்கள். நாலைந்து மணி நேரம் ஆகும். ஃப்ரிட்ஜில் வைத்து அவசரப்படுத்தினால் பொடியாகக் கொட்டிவிடும்.
3. நல்ல விதையைத் தொங்கவிடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். உபயோகமில்லாத சிறு விதை ஒன்றை நூலில் கட்டி உள்ளே இறக்கி, ஜாடிக்குப் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். விதையிலிருந்து கண்ணாடி இழைபோல ஒரு நெளிவு கீழ்நோக்கி இறங்கினால் விதை கரைகிறது: கரைசலில் உபரி இல்லை. மேல்நோக்கி எழுந்தால் விதை வளர்கிறது: தன்னைச் சுற்றியுள்ள படிகாரத்தை அது எடுத்துக்கொண்டதால் அந்த இடத்துத் தண்ணீர் லேசாகி மேலே போகிறது. நெளிவே தெரியவில்லையென்றால் கரைசல் தெவிட்டுநிலையில் நிற்கிறது. தராசும் வெப்பமானியும் சொல்லாததை இந்த ஒரு நெளிவு சொல்லிவிடும். இந்த அத்தியாயத்தில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.
4. நெளிவு இறங்கினாலோ, தெரியவே இல்லையென்றாலோ சோதனை விதையை வெளியே எடுத்துவிட்டு, இன்னும் 4 கிராம் சுத்தப் படிகாரத்தைச் சேர்த்து, முதல் படியிலிருந்து மீண்டும் செய்யுங்கள்.
5. நெளிவு எழுந்தால் சோதனை விதையை நீக்கி, தேர்ந்தெடுத்த விதையை ஒரு நொடி வெறும் தண்ணீரில் முக்கி எடுங்கள். மேலே ஒட்டிய கண்ணுக்குத் தெரியாத பொடி போய்விடும். உடனே தொங்கவிடுங்கள்.
6. விதை ஜாடியின் நடுவே, அடியிலிருந்து மூன்று விரற்கடையாவது மேலே இருக்கட்டும். சுவரைத் தொடக் கூடாது. நரம்பைக் குச்சியில் சுற்றி, குச்சியை ஜாடி வாயில் வைத்து, டேப் ஒட்டி நிறுத்துங்கள்.
7. வாயைத் தாளால் மூடி ரப்பர் பேண்ட் போடுங்கள். ஜாடியைத் தெர்மாகோல் பெட்டிக்குள் இறக்கி மூடுங்கள்.

பெட்டி அலங்காரத்துக்கு அல்ல. அறையின் வெப்பம் 30லிருந்து 35க்கு ஏறினால் 400 மில்லி கரைசல் இன்னும் ஏறக்குறைய 12 கிராம் படிகாரத்தைக் கரைத்துக்கொள்ளும். உங்கள் விதையின் எடை ஒரு கிராம்கூட இல்லை. ஒரே மதியத்தில் வெறும் நரம்பு மட்டும் தொங்குவதற்குக் காரணம் இதுதான். விதையை யாரும் எடுத்துவிடவில்லை. பெட்டி கிடைக்காவிட்டால் தண்ணீர் நிரப்பிய வாளிக்குள் ஜாடியைப் பாதி மூழ்க நிறுத்துங்கள், அதுவும் வெப்பம் சட்டென்று மாறாமல் காக்கும். மொட்டைமாடி அறை, ஓட்டின் கீழ்ப் பரண், சமையலறை மேடை, ஃப்ரிட்ஜின் தலை ஆகிய நான்கும் ஆகாது. வீட்டின் நடு அறையில், தரையோடு, மேற்குச் சுவரை விட்டு விலகி வையுங்கள்.

பருவம் பார்த்துத் தொடங்குவதானால் ஐப்பசி, கார்த்திகை நல்லது. மழைக்காலத்தில் பகலுக்கும் இரவுக்கும் வெப்ப வித்தியாசம் குறைவு. ஆவியாதல் மந்தம் என்பதால் வளர்ச்சியும் மெதுவாகத்தான் இருக்கும். தெளிவான படிகத்துக்கு அதுதான் வேண்டும். சித்திரை வெயிலில் தொடங்குகிறவர்கள் பெட்டியோடு வாளியையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

நாள்தோறும் பார்க்க வேண்டியவை

முதல் இரண்டு நாள் திறக்காதீர்கள். பிறகு தினம் ஒருமுறை, தூக்காமல், டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் போதும்.

*அடியில் குட்டிப் படிகங்கள் தெரிந்தால்:* இதுதான் அதிகம் நேரும் தொல்லை. அவையும் அதே தீனியைத் தின்பதால் மேலே தொங்குவது நின்றுபோகும். தொங்கும் படிகத்தை எடுத்து டிஷ்யூவில் ஒற்றி வைத்துவிட்டு, கரைசலை வேறு ஜாடிக்கு வடித்து, அடியில் இருப்பவற்றை நீக்கி, மறுபடி தொங்கவிடுங்கள். எடுத்த குட்டிகளைத் தூக்கி எறியாதீர்கள், அவையும் சுத்தப் படிகாரம்தான்.

*நரம்பின் மேல் மணிமணியாகப் பிடித்தால்:* நீர்மட்டத்துக்கு அருகே அப்படிப் பிடிக்கும். ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள்.

*படிகம் உள்ளே வெண்மையாக மங்கினால்:* வேகமாக வளர்கிறது. இரவில் அறை மிகவும் குளிர்கிறதா, மேலே காற்றாடி ஓடுகிறதா என்று பாருங்கள். மூடிய தாளின் மேல் இன்னொரு தாள் போட்டால் ஆவியாதல் குறையும். மங்கிய பகுதி தெளியாது. அதன்மேல் இனி வளர்வது தெளிவாக இருக்கும்.

*விளிம்புகள் மழுங்கினால்:* கரையத் தொடங்கியிருக்கிறது. உடனே வெளியே எடுங்கள். அப்புறம் மூன்றாம் கட்டத்தின் நான்காம் படி.

*பூஞ்சணம் போல மேலே மிதந்தால்:* தூசிதான். வடிகட்டுங்கள்.

சிலர் உணவு நிறப்பொடி கலந்து சிவப்பு, பச்சைப் படிகம் வளர்க்கப் பார்க்கிறார்கள். நிறம் தண்ணீரில் நிற்கும், படிகத்துக்குள் ஏறாது. படிகத்துக்குள் தனக்கு ஒவ்வாத மூலக்கூறுக்கு இடமில்லை. சுத்தம் செய்யும்போது கரையும் அழுக்கு தண்ணீரிலேயே நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

தீனி போடுதல்

போட்ட 10 கிராமும் ஒரே படிகத்தின் மேல் ஏறினால், ஒரு விளிம்பின் நீளம் 2 சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும். இதற்கு ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரம்வரை பிடிக்கலாம். இன்னும் பெரிதாக்க வேண்டுமானால்:

1. படிகத்தை எடுத்து டிஷ்யூவில் ஒற்றி, ஒரு கிண்ணத்தில் மூடி வையுங்கள்.
2. கரைசலை வடிகட்டி, 8 முதல் 10 கிராம் சுத்தப் படிகாரம் சேர்த்து, 50 டிகிரியில் கரைத்து, முழுக்க ஆறவிடுங்கள்.
3. கைவைத்தால் வெதுவெதுப்புக்கூடத் தெரியக் கூடாது. வெதுவெதுப்பான கரைசலில் படிகத்தை விட்டால், பல நாள் வளர்ந்தது ஒரு மணி நேரத்தில் தேயும்.
4. சோதனை விதையால் நெளிவு பார்த்துவிட்டுத் தொங்கவிடுங்கள்.

ஒரே தடவையில் 30 கிராம் போட்டால் சீக்கிரம் பெரிதாகுமே என்று கேட்பீர்கள். பெரிதாவது ஜாடியின் அடிதான்.

எடுத்து வைத்தல்

போதுமான அளவு வளர்ந்ததும் எடுத்து, தண்ணீரில் கழுவாமல், டிஷ்யூவால் உடனே ஒற்றிவிடுங்கள். கரைசல் துளி மேலே நின்று காய்ந்தால் அந்த இடத்தில் வெள்ளைத் திட்டு விழும். நரம்பை ஒட்ட வெட்டுங்கள். ஒரு நாள் நிழலில் உலர்ந்த பின் நிறமில்லாத நகப்பூச்சை மெல்லியதாக இரண்டு முறை பூசுங்கள். பூசாமல் விட்டால் கோடைக் காற்றில் மேற்பரப்பு நாளடைவில் மாவு பூத்ததுபோல் வெளுக்கும்; கைவியர்வை பட்டாலும் பளபளப்புக் குறையும். நகப்பூச்சு தீப்பற்றும், ஆகவே அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில், சன்னலைத் திறந்து வைத்துப் பூசுங்கள்.

உப்பில் முயல்கிறவர்களுக்கு

இவ்வளவு சொல்லியும் உப்பில் ஆசை போகாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு: சூட்டை மறந்துவிட்டு ஆவியாதலை நம்புங்கள். தூத்துக்குடி உப்பளங்களில் நடப்பதும் அதுதான். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. பாத்தி பாத்தியாக வெயிலில் வற்ற விடும்போது முதலில் ஜிப்சம் இறங்கும், பிறகு உப்பு பூக்கும். கடைசியில் எஞ்சும் மக்னீசியம் மிகுந்த கசப்பு நீரை வற்றவிடாமல் வெளியேற்றிவிடுவார்கள். அதையும் சேர்த்துக் காய்ச்சினால் உப்பு கசக்கும்.

1. 100 மில்லி தண்ணீரில் 37 கிராம் கல்லுப்பைக் கரைத்து, கரையாததைத் துணியில் வடிகட்டுங்கள். பொடியுப்பு வேண்டாம், கட்டிப்படாமல் இருக்க அதில் சேர்ப்பவை கரைசலைக் கலக்கிவிடும்.
2. தட்டில் ஊற்றி, துணி மூடி, அசையாத இடத்தில் விடுங்கள்.
3. சில நாளில் கனசதுரமாகச் சிறு படிகங்கள் அடியில் தோன்றும். காற்றே படாமல் இருந்தால் மேற்பரப்பில் தலைகீழ்க் கோபுரம் போன்ற உள்ளீடற்ற படிகங்கள் மிதப்பதையும் பார்க்கலாம். தொட்டால் மூழ்கிவிடும்.
4. நல்ல கனசதுரம் ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றை நீக்கி, அதே தெவிட்டிய கரைசலை அவ்வப்போது ஊற்றிவாருங்கள். தினம் ஒருமுறை படிகத்தைப் புரட்டிவிட்டால் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக வளரும்.

மிஞ்சிய கரைசல்

மிஞ்சியதை மூடிய ஜாடியில், சீட்டு ஒட்டி வைத்தால் அடுத்த படிகத்துக்கு ஆகும். வேண்டாமென்றால் நிறையத் தண்ணீர் விட்டு வடிகாலில் ஊற்றலாம். பூந்தொட்டியில் கொட்டாதீர்கள், அமிலமும் அலுமினியமும் வேருக்கு நல்லதல்ல.

கொட்டும் முன் அதில் பத்துச் சொட்டை வைத்து ஒரு வேலை செய்து பார்க்கலாம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஒரு லிட்டரில் ஒரு பிடி களிமண்ணைக் கலக்கி, பெரிய மண் படியட்டும் என்று கால் மணி நேரம் விட்டு, மேலே நிற்கும் கலங்கல் நீரை இரண்டு ஜாடிகளில் பிரித்து ஊற்றுங்கள். துணியில் வடித்தாலும் இந்தக் கலங்கல் போகாது. களிமண் தண்ணீரில் கரையவில்லை, ஆனால் துணியின் கண்ணைவிட நுண்ணியதாகத் தொங்கி நிற்கிறது. ஒரு ஜாடியில் மட்டும் ஐந்து முதல் பத்துச் சொட்டு விட்டு, ஒரு நிமிடம் வேகமாகவும் ஐந்து நிமிடம் மிக மெதுவாகவும் கலக்கி விடுங்கள். சற்று நேரத்தில் பஞ்சுத் துணுக்குகள் திரளும், பிறகு அவை மண்ணை இழுத்துக்கொண்டு அடியில் அமரும். அலுமினியம், தண்ணீரிலுள்ள காரத்தோடு சேர்ந்து உண்டாக்கும் துணுக்குகள் அவை. ஆகவேதான் உப்பு அகற்றிய ஆர்.ஓ. தண்ணீரில் இது சரியாக நடப்பதில்லை. தண்ணீரைக் கிளறிய கரண்டியின் அழுக்கும் கைபட்ட கரைசலும் கலந்திருப்பதால் தெளிந்ததைக் குடிக்காதீர்கள். கிராமங்களில் ஆற்றுநீரைப் படிகாரத்தால் தெளிய வைத்துக் குடித்தது உண்மைதான், ஆனால் தெளிந்த நீரிலும் கிருமி எஞ்சியிருக்கும். அதைக் கொதிக்க வைத்துத்தான் ஆக வேண்டும்.